குடும்ப ஜெபத்தில் பிள்ளை கேட்ட கேள்வி

கருங்கல் பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். கடிதத்தின் சுருக்கம் இது:

“மகனுக்கு ஏழு வயது, இரண்டாம் வகுப்பு. மகளுக்கு நான்கு. கணவர் குவைத்தில் வேலை பார்க்கிறார். நானும் பிள்ளைகளும் மாமியாரும் வீட்டில் இருக்கிறோம். தினமும் இரவு ஏழரை மணிக்குக் குடும்ப ஜெபம். ஆதியாகமத்தில் ஆரம்பித்து, நாளுக்கு ஓர் அதிகாரம் முழுசாக வாசிக்க வேண்டும் என்பது மாமியாரின் ஒழுங்கு. அதிகாரம் முடியாமல் சாப்பாடு கிடையாது. மகள் பாயில் புரண்டு விளையாடுவாள். மகன் தூங்கி விழுவான். மாமியார் மடியில் பிரம்பை வைத்துக்கொண்டுதான் உட்காருவார். போன வாரம் ஆபிரகாம் ஈசாக்கைப் பலியிடப் போகிற பகுதி வந்தது. மகன் எழுந்து உட்கார்ந்து, ‘ஆண்டவர் சொன்னா அப்பா என்னையும் அப்படிச் செய்யுமா?’ என்று கேட்டான். ‘வேதத்துல எதிர்க் கேள்வி கேட்கப்பிடாது’ என்று மாமியார் அதட்டிவிட்டார். அன்றிலிருந்து ராத்திரி என் கையைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குகிறான். அப்பா வீடியோ காலில் வந்தால் அடுக்களைக்குள் ஓடிவிடுகிறான். ஜெபத்தைக் கொஞ்சநாள் நிறுத்தி வைக்கலாமா? நிறுத்தினால் பாவமா? அல்லது யூடியூபில் வருகிற வேதாகமக் கார்ட்டூனைப் போட்டுவிட்டால் போதுமா?”

அன்புள்ள சகோதரிக்கு,

ஜெபத்தை நிறுத்த வேண்டாம். ஆனால் இன்று ராத்திரி வாசிப்பதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. உங்கள் மகன் கேட்ட கேள்விக்கு இதுவரை யாரும் பதில் சொல்லவில்லை. அந்தப் பதிலை அவனுக்குக் கொடுத்தாக வேண்டும்.

இந்தக் கேள்வி ஏழு வயதில் வருவதற்குக் காரணம் உண்டு. செத்துப்போனவர் திரும்பி வரமாட்டார், சாவு எல்லாருக்கும் வரும் என்பது பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஐந்திலிருந்து ஏழு வயதுக்குள்தான் உறைக்கிறது. அதே பகுதியைக் கேட்டும் உங்கள் மகள் பாயில் புரண்டுகொண்டிருந்தாள், அவளுக்கு அது இன்னும் எட்டவில்லை. மகனுக்கு எட்டிவிட்டது. கட்டு, கத்தி, விறகு எல்லாம் அவனுக்குத் தெரிந்த பொருட்கள். கதையில் அப்பா உண்டு, ஒரு மகன் உண்டு. அந்த மகன் இடத்தில் தன்னை வைத்துப் பார்த்தான். அவனுடைய அப்பாவோ பக்கத்தில் இல்லை. போனில் தெரிகிற ஒரு முகம். கூடவே இருக்கிற அப்பா என்றால் மறுநாள் காலையில் தோளில் தூக்கி வைத்த உடனே பாதிப் பயம் போயிருக்கும். உங்கள் வீட்டில் அதற்கு வழியில்லை. அவன் அடுக்களைக்குள் ஓடுவதைக் குறும்பு என்று நினைக்காதீர்கள், கணவரும் அதை மனவருத்தமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பதிலை அப்பாதான் சொல்ல வேண்டும். நீங்கள் முதலில் கணவரைத் தனியாகக் கூப்பிட்டு நடந்ததைச் சொல்லுங்கள். அப்புறம் மகனை மடியில் வைத்துக்கொண்டு வீடியோ காலில் கூப்பிடுங்கள். அவர் சுற்றி வளைக்க வேண்டாம். “மக்களே, நீ பாட்டிகிட்ட ஒரு கேள்வி கேட்டியாமே. நல்ல கேள்வி. அப்பா உன்ன ஒருக்காலும் அப்படிச் செய்ய மாட்டேன். ஆண்டவர் எந்த அப்பாகிட்டயும் பிள்ளையக் கேட்கிறவரும் இல்ல.” இவ்வளவு போதும். ‘உனக்கு விசுவாசம் இருந்தால் பயப்பட மாட்டாய்’ என்கிற மாதிரி எதையும் கூடச் சேர்க்க வேண்டாம். பயந்த பிள்ளைக்கு முதலில் தான் பத்திரமாக இருக்கிறோம் என்பது உறுதியாக வேண்டும். விளக்கம் அதற்குப் பிறகு.

விளக்கம் கேட்டால் சொல்ல விஷயம் இருக்கிறது. அந்தக் காலத்தில் இஸ்ரவேலைச் சுற்றியிருந்த ஜனங்கள் தங்கள் தெய்வங்களுக்குப் பிள்ளைகளைப் பலி கொடுத்தார்கள். மோவாப் ராஜா தன் மூத்த மகனையே பலியிட்டதை இரண்டாம் இராஜாக்கள் 3ஆம் அதிகாரத்தில் பார்க்கலாம். அப்படிப்பட்ட உலகத்தில், ஆபிரகாமின் கை ஓங்கிய இடத்தில் ஆண்டவர் கூப்பிட்டு நிறுத்துகிறார், புதரில் ஓர் ஆட்டுக்கடாவைக் காட்டுகிறார். லேவியராகமம் 18:21 இந்தப் பழக்கத்தைத் தடை செய்கிறது. எரேமியா 7:31-ல், இப்படிச் செய்யும்படி நான் கட்டளையிடவில்லை, அது என் மனதில் தோன்றவும் இல்லை என்று ஆண்டவரே சொல்கிறார். இத்தனையையும் ஏழு வயதுக்காரனிடம் ஒப்பிக்க வேண்டாம். உங்கள் மனதில் தெளிவாக இருந்தால் போதும், பேச்சில் தானாக வந்துவிடும். “அப்ப எதுக்கு முதல்ல கேட்டாரு?” என்று அவன் மடக்கினால், “சோதிச்சாருன்னு எழுதியிருக்கு. அது பெரியவங்களுக்கும் கஷ்டமான இடம்தான். நீ வளர்ந்த பிறகு நாம சேர்ந்து இன்னும் யோசிப்போம்” என்று சொல்லுங்கள். பெரியவர்களுக்கும் கஷ்டம் என்று தெரிந்தால் பிள்ளைக்கு ஆறுதல்தான், விசுவாசம் குறைந்துவிடாது.

இப்போது, வேதத்தில் கேள்வி கேட்கலாமா என்ற விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் மாமியார் பயப்படுவதன் காரணம் எனக்குப் புரிகிறது. கேள்வி கேட்டுப் பழகுகிற பிள்ளை நாளைக்கு ஆலயத்துக்கே வராமல் போய்விடுவானோ என்ற கவலை நம் ஊர்ப் பெரியவர்கள் பலருக்கு இருக்கிறது. ஆனால் வேதத்தையே எடுத்துப் பாருங்கள். எகிப்தை விட்டுப் புறப்படுகிற ராத்திரி பஸ்காவை ஏற்படுத்தும்போதே, இந்த ஆராதனையின் கருத்து என்ன என்று பிள்ளைகள் கேட்டால் என்ன பதில் சொல்ல வேண்டும் என்று யாத்திராகமம் 12:26 சொல்லிக் கொடுக்கிறது. இன்றைக்கும் யூத வீடுகளில் பஸ்கா ராத்திரி அப்படித்தான் நடக்கிறது. இருக்கிறதிலேயே சின்னப் பிள்ளை எழுந்து, இந்த ராத்திரி மற்ற ராத்திரிகளிலிருந்து ஏன் வித்தியாசமாக இருக்கிறது என்று கேட்பது வழக்கம். பெரியவர்களின் கதை அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் வருகிறது. யோசுவா 4ஆம் அதிகாரத்தில் யோர்தானிலிருந்து எடுத்த பன்னிரண்டு கற்களை அடையாளமாக வைக்கிறார்கள். எதற்கு? இந்தக் கற்கள் ஏதென்று பிற்காலத்தில் பிள்ளைகள் கேட்பதற்கு. பன்னிரண்டு வயது இயேசு தேவாலயத்தில் போதகர்கள் நடுவில் உட்கார்ந்து என்ன செய்துகொண்டிருந்தார் என்று லூக்கா 2:46-ல் பாருங்கள். அவர்கள் பேசுவதைக் கேட்டார், அவர்களிடம் வினாவினார்.

இன்னும் ஒன்று. உங்கள் மகனைப் பயமுறுத்திய அதே அதிகாரத்தில் ஈசாக்கும் கேள்வி கேட்கிறான். நெருப்பும் கட்டையும் இருக்கிறது, ஆட்டுக்குட்டி எங்கே அப்பா என்று. ஆபிரகாம் அவனை அதட்டவில்லை, “என் மகனே” என்று கூப்பிட்டுப் பதில் சொன்னான். வேதம் வாசிக்கிற வீட்டில் பிள்ளை வாய் திறந்து கேட்டால், வாசிப்பு அவன் மனதுக்குள் போய்விட்டது என்று சந்தோஷப்பட வேண்டும்.

ஆகவே என் முதல் ஆலோசனை: அளவுகோலை மாற்றுங்கள். அதிகாரம் முடிந்ததா என்று பார்ப்பதை விடுங்கள். பிள்ளை ஒரு வார்த்தையாவது திருப்பிப் பேசினானா என்று பாருங்கள்.

ஒரு கணக்கையும் சொல்லிவிடுகிறேன். வேதாகமத்தின் 66 புத்தகங்களில் மொத்தம் 1189 அதிகாரங்கள். நாளுக்கு ஒன்று என்றால் மூன்று வருடத்துக்கு மேல் ஆகும். பெரியவர்களுக்கு அது அருமையான பழக்கம், உங்கள் மாமியார் அதை ஒருபோதும் விட வேண்டாம். ஆனால் இந்த வரிசையிலேயே போனால் அடுத்த சில நாட்களுக்குள் ஆதியாகமம் 34ஆம் அதிகாரம் வந்துவிடும். யாக்கோபின் மகள் தீனாளுக்கு நடந்த கொடுமையும் அதற்காக அவள் சகோதரர்கள் செய்த கொலையும் உள்ள பகுதி அது. அதைத் தாண்டினால் 36, முழுக்க ஏசாவின் வம்ச வரலாறு. ஒன்று சின்னப் பிள்ளைகள் காதில் விழக்கூடாதது, மற்றது அவர்களுக்கு வெறும் பெயர்ப் பட்டியல். நியாயாதிபதிகளில் யெப்தாவின் மகள் கதை, எலிசாவைக் கேலி செய்த பிள்ளைகளைக் கரடிகள் பீறிப்போட்ட கதை, இவையெல்லாமும் வரும். எதையும் என்றென்றைக்கும் மறைக்கச் சொல்லவில்லை. பத்துப் பன்னிரண்டு வயதில், பேசி விளக்க நேரம் இருக்கும்போது வாசியுங்கள்.

வழி சுலபம். மாமியாரின் தொடர் வாசிப்பு விடியற்காலையிலோ, பிள்ளைகள் தூங்கிய பிறகோ நடக்கட்டும். முடிந்தால் நீங்களும் கூட உட்காருங்கள், அது அவருக்குப் பெரிய சந்தோஷம். ஏழரை மணி பிள்ளைகளுடைய நேரம். அதில் ஐந்து முதல் பத்து வசனம், ஒரு பாட்டு, ஒரு சின்ன ஜெபம், எல்லாம் சேர்த்துப் பத்துப் பன்னிரண்டு நிமிஷம். நாலு வயதுப் பிள்ளை அதற்கு மேல் ஓரிடத்தில் இருக்காது, இருக்க வைப்பதும் சரியில்லை. அவள் புரண்டுகொண்டே கேட்டால் கேட்கட்டும். கை பொம்மையில் இருந்தாலும் காது உங்களிடம் இருக்கும். ரெண்டு நாள் கழித்து அவளே அந்தக் கதையைப் பொம்மையிடம் சொல்லும்போது தெரியும்.

சாப்பாட்டை முன்னால் கொடுத்துவிடுங்கள். பசித்த பிள்ளைக்கு வேதம் என்றாலே சோற்றுக்கும் தனக்கும் நடுவில் நிற்கிற தடை என்று மனதில் பதிந்துவிடும்.

எப்படி வாசிப்பது என்பதற்கு ஓர் உதாரணம் தருகிறேன். லூக்கா 15-ல், 8 முதல் 10 வரை மூன்றே வசனம். பத்து வெள்ளிக்காசு வைத்திருந்த ஒரு பெண், ஒன்றைத் தொலைத்துவிட்டு, விளக்கைக் கொளுத்தி, வீட்டைப் பெருக்கித் தேடுகிறாள். கிடைத்ததும் பக்கத்து வீட்டுக்காரிகளைக் கூப்பிட்டுச் சந்தோஷப்படுகிறாள். பத்து ஒரு ரூபாய்க் காசை எடுத்து மகளை எண்ணச் சொல்லுங்கள், மகன் உதவட்டும். ஒன்றை அவர்களுக்குத் தெரியாமல் பாய்க்கு அடியிலோ அரிசிப் பானைக்குப் பின்னாலோ வைத்துவிடுங்கள். மறுபடி எண்ணினால் ஒன்பது. லைட்டை அணைத்துவிட்டு மகள் கையில் டார்ச், மகன் கையில் விளக்குமாறு. தேடட்டும். கிடைத்ததும் கத்துவார்கள், கத்தட்டும், பக்கத்து வீட்டுக்குக் கேட்டாலும் பரவாயில்லை. அந்தப் பெண்ணும் பக்கத்து வீட்டுக்காரிகளைத்தானே கூப்பிட்டாள்! மூச்சு வாங்க வந்து உட்கார்ந்த பிறகு அந்த மூன்று வசனத்தையும் வேதாகமத்தைத் திறந்து மெதுவாக வாசியுங்கள். அப்புறம் கேளுங்கள்: “ஒம்பது காசு கையில இருக்கே, பிறகு எதுக்கு மக்களே அவ தேடினா?” பதிலை நீங்கள் சொல்லிவிடாதீர்கள். உங்கள் மகன் என்ன சொல்கிறானோ அதை அப்படியே ஏற்றுக்கொள்ளுங்கள். தப்பாகச் சொன்னாலும் திருத்தாமல், “ஓ, அப்படியா, ஏன் அப்படி நினைக்கிற?” என்று இன்னொரு கேள்வி மட்டும் போடுங்கள்.

பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டும்போது இடையிடையே கேள்வி கேட்டு அவர்களைப் பேச வைத்தால் அவர்களுடைய பேச்சுத்திறன் சீக்கிரம் வளர்கிறது என்பதை அமெரிக்காவில் வைட்ஹர்ஸ்ட் என்பவரும் அவருடைய குழுவினரும் 1988-ல் ஆய்வு செய்து காட்டினார்கள். அவர்கள் பார்த்தது மூன்று வயதுகூட நிரம்பாத பிள்ளைகளுடன் படப் புத்தகம் வாசிக்கிற விதத்தை. வேத வாசிப்புக்கும் இதே முறை பொருந்துவதை நான் ஆலோசனை சொல்லப் போகிற வீடுகளில் பார்க்கிறேன். பெற்றோர் வாசித்துவிட்டு உடனே புத்திமதி சொன்னால் பிள்ளை கண்ணைத் தாழ்த்திக்கொள்ளும். கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருந்தால் நிமிர்ந்து பார்க்கும்.

அடுத்தடுத்து என்ன வாசிக்கலாம் என்று கேட்பீர்கள். முதல் சாமுவேல் 3-ல் சிறுவன் சாமுவேலை ஆண்டவர் கூப்பிட, அவன் ஆசாரியரான ஏலி கூப்பிட்டார் என்று நினைத்துத் திரும்பத் திரும்ப எழுந்து ஓடுகிறான். உங்கள் வீட்டுக்கு இது மிகவும் நல்லது, ஏனென்றால் பயப்படாமல் கூப்பிட்ட குரலுக்கு ஓடுகிற பிள்ளை அதில் இருக்கிறான். குஷ்டரோகியான நாகமானுக்குக் குணமாக வழி சொன்ன சின்ன வேலைக்காரப் பெண், பார்வை பெற்ற பர்திமேயு, மீன் விழுங்கிய யோனா, இவர்கள் கதைகளும் நல்லவை. யோனா நாலே அதிகாரம்தான், ஆனால் ஒரு வாரம் வைத்து வாசிக்கலாம். ஒரே கதையைத் திரும்பத் திரும்பக் கேட்டால் அலுத்துக்கொள்ளாதீர்கள். நாலு வயதில் திரும்பக் கேட்பதுதான் கற்பது.

வேதாகமத் தமிழ் மகனுக்குக் கடினமாக இருக்கிறது, இங்கிலீஷ் மீடியம் பிள்ளை என்றும் எழுதியிருந்தீர்கள். முதலில் கதையை உங்கள் வீட்டுப் பேச்சில் சொல்லிவிடுங்கள், பிறகு வேதாகமத்திலிருந்து வாசியுங்கள். கதை தெரிந்தபின் அந்த நடை அவனை மிரட்டாது. நாளுக்கு ஒரு வசனம் மட்டும் அவன் எழுத்துக்கூட்டி வாசிக்கட்டும், நடுவில் தடுமாறினால் யாரும் முந்திக்கொண்டு சொல்லிவிடக் கூடாது. இந்தப் பழக்கத்தால் தமிழ் நன்றாக வாசிக்க வந்த பிள்ளைகளை நம் ஓய்வுநாள் பாடசாலைகளில் நிறையப் பார்க்கலாம்.

கார்ட்டூனைப் பற்றி: எப்போதாவது பார்க்கட்டும், தப்பில்லை. அது ஜெப நேரத்துக்குப் பதிலாக முடியாது. போன் கதை சொல்லும், ஆனால் உங்கள் மகன் எழுந்து உட்கார்ந்து கேட்ட கேள்வி அதன் காதில் விழாது.

இனி மாமியார். இந்தக் கடிதத்தில் எனக்கு அதிகம் மனதில் நிற்பவர் அவர்தான். அவரைக் கடுமையானவர் என்று மட்டும் பார்க்காதீர்கள். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் வேதம் வாசிப்பது வெறும் பக்திப் பழக்கமாக வந்ததில்லை. 1806-ல் மிஷனரி ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வந்தார். அதன்பின் பதினைந்து வருடங்களுக்குள் நாகர்கோவிலில் பெண் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கிற பள்ளி வந்துவிட்டது. எழுத்து வாசனையே மறுக்கப்பட்டிருந்த குடும்பங்களில் ஒரு பெண் கையில் புத்தகம் பிடித்து ஓர் அதிகாரத்தை நிறுத்தாமல் வாசித்து முடிப்பது எவ்வளவு பெரிய காரியமாக இருந்திருக்கும்! ‘முழு அதிகாரம்’ என்று உங்கள் மாமியார் பிடிவாதம் பிடிப்பதில், அவருடைய அம்மாவும் பாட்டியும் கைமாற்றிக் கொடுத்த அந்த மரியாதை இருக்கிறது. அதை நீங்கள் புரிந்துகொண்டீர்கள் என்று அவருக்குத் தெரிந்தால் பேச்சு சுலபமாகும்.

பேசும்போது “நீங்க செய்யறது தப்பு, ஆலோசகர் சொல்லியாச்சு” என்று என் பெயரைச் சொல்லி ஆரம்பிக்காதீர்கள். பகலில், மரச்சீனி உரிக்கும்போதோ துணி மடிக்கும்போதோ, “அத்தை, நீங்க சின்னதுல எப்படி வேதம் வாசிக்கப் படிச்சீங்க?” என்று கேளுங்கள். அவர் சொல்வதைக் கேளுங்கள், அன்றைக்கு வேறு எதுவும் பேச வேண்டாம். அடுத்த நாள், “ராத்திரி பிள்ளைகளுக்கு நீங்க கதையா சொல்லுங்க அத்தை, வசனத்த நான் வாசிக்கேன்” என்று கேட்டுப் பாருங்கள். இத்தனை வருடம் வாசித்தவர் மனதில் கதைகள் நிறையவே இருக்கும். தாவீது சாலொமோன் என்று ஆரம்பித்தால் நிறுத்த முடியாது. பிரம்பை அவர் கையிலிருந்து பிடுங்க வேண்டிய அவசியமே வராது, கதை சொல்கிற கைக்கு அது இடைஞ்சலாக இருக்கும்.

ஆனாலும் பிரம்பு தொடர்ந்து வந்தால், அதை மட்டும் நீங்கள் தெளிவாகச் சொல்லித்தான் ஆக வேண்டும்: ஜெப நேரத்தில் அடி கூடாது. நீதிமொழிகளின் பிரம்பு வசனத்தை அவர் எடுத்தால், பிள்ளைகள் திடனற்றுப் போகாதபடி அவர்களைக் கோபப்படுத்தாதிருங்கள் என்று பவுல் எழுதியதையும் (கொலோசெயர் 3:21) மரியாதையோடு எடுத்துச் சொல்லுங்கள். இதைக் கணவர் தன் அம்மாவிடம் சொல்வது இன்னும் நல்லது. மருமகள் சொன்னால் அது வீட்டுச் சண்டையாகிவிடும், மகன் சொன்னால் காது கொடுப்பார்.

கணவரைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் ஏழரை மணி குவைத்தில் சாயங்காலம் ஐந்து மணி. வேலை நாளில் முடியாமல் போகலாம். வெள்ளிக்கிழமை அவருக்கு விடுமுறை என்றால் அன்றைய வாசிப்பு அவருடையது. போனை நிமிர்த்தி வைத்து, அவர் அங்கிருந்து கதை சொல்லட்டும், மகன் இங்கிருந்து ஒரு வசனம் வாசிக்கட்டும். முதல் வாரம் மகன் கதவுக்குப் பின்னால் நின்றே கேட்பான். இழுத்து வந்து உட்கார வைக்காதீர்கள். அப்பா சொல்லப் போகிற முதல் கதை அப்பா-மகன் கதையாக இருந்தால் நல்லது. அதே லூக்கா 15-ல் இருக்கிறதே, தூரத்தில் வரும்போதே மகனைக் கண்டு ஓடிப்போய்க் கட்டிப்பிடித்த தகப்பன், அதைச் சொல்லச் சொல்லுங்கள். இளைய மகன் செய்த தப்புகளை நீட்டாமல், தகப்பன் ஓடிவந்ததைக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்லட்டும்.

எல்லாக் கேள்விக்கும் வீட்டில் பதில் இருக்காது. கடற்கரை ஊர்களில் வேலை செய்யும்போது இதை நான் அதிகம் உணர்ந்திருக்கிறேன். 2017 நவம்பர் இறுதியில் ஓகி புயல் அடித்த பிறகு, கடலுக்குப் போன அப்பாவும் மாமாவும் திரும்பி வராத வீடுகள் உண்டு. அந்த வீடுகளில், இயேசு படகில் நித்திரையாயிருந்து எழுந்து காற்றை அதட்டின பகுதியை வாசித்தால், ஒரு பிள்ளை கேட்கும்: “அப்ப ஏன் அன்னைக்கு எழும்பல?” இதற்கு உடனே பதில் சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை. “தெரியல மக்களே. எனக்கும் அதே கேள்விதான். நாம ரெண்டு பேரும் ஆண்டவர்கிட்டயே கேட்போம்” என்று சொல்லிவிட்டு, கேள்வியாகவே ஜெபிக்கலாம். 13ஆம் சங்கீதம் அப்படித்தான் ஆரம்பிக்கிறது. எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர் என்று. ஆறே வசனம். பெரியவர்களுக்கு வார்த்தை வராத நாளில் அதை வாசித்தால் போதும். அந்தோணியார் கோவில் பக்கத்து வீடுகளில் சாயங்காலம் ஜெபமாலை முடிந்த பிறகு ஒரு சங்கீதம் வாசிக்கிற கத்தோலிக்கக் குடும்பங்களுக்கும் இதையேதான் சொல்வேன்.

ஜெபம் நடக்காமல் போகிற நாளும் வரும். பிள்ளைக்குக் காய்ச்சல், கரண்டு இல்லை, கல்யாண வீட்டிலிருந்து வரப் பத்து மணி. படுக்கையில் போர்த்திவிடும்போது ஒரு வசனம் சொன்னால் அன்றைக்கு அதுவே போதும். உபாகமம் 6:7 வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது, வழியில் நடக்கும்போது, படுக்கும்போது, எழுந்திருக்கும்போது பேசச் சொல்கிறது. உங்கள் மகனை வேன் நிறுத்தத்துக்கு நடத்திக்கொண்டு போகிற அந்த ஐந்து நிமிஷமும் அதில் சேர்ந்ததுதான். பாயில் வாய் திறக்காத பிள்ளைகள் நடக்கும்போது நிறையப் பேசுவார்கள். நீங்கள் நிறுத்தினால் பாவமா என்று கேட்டீர்கள். ஒருநாள் விட்டுப்போனதை ஆண்டவர் கணக்கு வைப்பார் என்ற பயத்தோடு நடத்துகிற ஜெபத்தில், பிள்ளைகள் அந்தப் பயத்தைத்தான் முதலில் படிப்பார்கள்.

கடைசியாக, மகனுடைய தூக்கம். அப்பா பேசிய பிறகு இரண்டு மூன்று வாரத்துக்குள் தானாகத் தெளிய வேண்டும். அதுவரை உங்கள் கையைப் பிடித்துத் தூங்கட்டும், “பெரிய பையன்” என்று கேலி வேண்டாம். அதற்குப் பிறகும் நடு ராத்திரியில் அலறி எழுந்தாலோ, நின்றுபோன படுக்கை நனைத்தல் மறுபடி வந்தாலோ, சாப்பாடு குறைந்தாலோ, பள்ளிக்குப் போக அழுதாலோ, ஒரு குழந்தை மருத்துவரைப் பாருங்கள். நாகர்கோவில் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவும் இருக்கிறது. ஜெபமும் நடக்கட்டும், வைத்தியமும் நடக்கட்டும். போகும்போது மாமியாரையும் கூட்டிக்கொண்டு போங்கள். பேரனுக்கு என்ன ஆயிற்று என்று மருத்துவர் சொல்வதை அவரும் நேரில் கேட்கட்டும்.